நான்காவது கயிறு

வியாழன் இரவு. கொலாட்டினாவில்
மாட்டு மருந்துக் கடையை அடைத்துவிட்டு வந்தால்
என் சமையலறை மேசை எனக்கில்லை.
ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, ஒரு மூலையில் கத்தரிக்கோல்,
நடுவில் நிவால்டோ விரித்து வைத்த தாள்.
அதெல்மோ வரைந்தது.
பதினெட்டு வருடத்து மடிப்புகளில் கிழிந்திருக்கிறது.

பிலாவோ என்றால் உரல்.
கவிழ்த்துப் போட்ட உரல், ஐந்நூறு மீட்டர்,
காப்பித் தோட்டங்களுக்கு நடுவே
யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி.
விரிசல் கிடையாது. விரல் நுழைய ஒரு பொந்து கிடையாது.
மழை வழிந்து கறுத்த கோடுகள்,
கோடுகளுக்கிடையில் வெளிறிய கல்.
பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில்
நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலை. மழை இல்லை.
ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்கிறேன்.
மூன்று போதும் என்கிறான்,
போன தடவை என் பாட்டிலையும் காலி செய்தவன்.
நான்கு என்று எழுதி அடிக்கோடு போடுகிறேன்.
மேற்கு முகத்தில் பதினோரு மணிவரை நிழல்.
அதற்குப் பிறகு அங்கே காப்பிக்கொட்டை வறுக்கலாம்.
ஏறுவதற்கு ஒரு கயிறு.
இறங்குவதற்குத்தான் இரண்டு.

ஹுல்டா கிராவுஸேவின் நிலம் வழியாகத்தான் பாதை.
போன் போட்டோம்.
போமரேனிய மொழியில் மகனிடம் ஏதோ கேட்டாள்,
பிறகு எங்களிடம் போர்த்துகீசில்:
‘படலைச் சாத்திவிட்டுப் போங்கள், கன்றுகள் நிற்கின்றன.
விழுந்தால் செடிகள்மேல் விழாதீர்கள்,
இன்னும் பழம் பறித்து முடியவில்லை.’
சிரித்தாளா என்று தெரியவில்லை.

தாளில் ஒவ்வொரு பெருக்கல் குறியும் ஒரு போல்ட்.
முதல் கயிற்றில் ஒன்பது. இரண்டாவதில் எட்டு.
மூன்றாவதில் குளவிக்கூடு என்று ஒரு குறிப்பு,
கூட்டையே வரைந்திருக்கிறான், கண்ணும் மூக்கும் வைத்து.
நான்காவதில்
பதினோராவது மீட்டரில் ஒரு குறி.
பிறகு வெறும் தாள்.
முப்பது மீட்டர் வெறும் தாள்.

‘அந்த இடத்தில் அதெல்மோவுக்குப் பயமே இல்லை’ என்பார்கள்,
ஏறியவர்களும் சொல்வார்கள், ஏறாதவர்களும்.
ஏழு வருடத்துக்கு முன்
அந்தக் கடைசி போல்ட்டில் தொங்கி நின்று
கெண்டைக்கால் தையல் மெஷின்போல் நடுங்க
திரும்பி வந்தவள் நான்.
அவனிடம் இருந்த என்னவோ என்னிடம் இல்லை என்று
அன்றைக்கு முடிவு கட்டினேன்.
அதற்குப் பிறகு பல விஷயங்களிலும்
அதே முடிவுதான்.

‘அவனையே கேட்டுவிடலாமே’ என்றான் நிவால்டோ.
அதெல்மோ இப்போது விட்டோரியாவில் டைல்ஸ் விற்கிறான்.
பின்னால் டிவி இரைச்சல், கால்பந்து.
நான்காவது கயிறு என்றதும் கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
‘தைரியமா? எவன் சொன்னான்?
டிரில் பேட்டரி செத்துப்போச்சு, இவோனே.
இறங்கவும் வழியில்லை. அழுதுகொண்டே ஏறினேன்.
மேலே போய் சுத்தியலால் ஒரே ஒரு ஓட்டை,
இரண்டு மணி நேரம்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.’
யாரோ கோல் போட்டார்கள். வைத்துவிட்டான்.

பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.
சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன்.
வந்தது ஆத்திரம்,
ஏழு வருடமும் ஒரு பேட்டரிக்குத்
தலைகுனிந்து நின்றிருக்கிறேன்.

நிவால்டோ பட்டியலில் சேர்க்கிறான்:
டிரில் ஒன்று. பேட்டரி இரண்டு. போல்ட் மூன்று.
‘அவன் போட நினைத்ததை நாம் போட்டுவிடலாம்.’
‘அவனும் ஏறினானே, ஒன்றும் போடாமல்.’
‘அழுதுகொண்டு.’
‘நானும் அழுகிறேன். யார் தடுத்தது?
நான்காவதில் முன்னால் போவது நான்.’
‘அப்போ டிரில்?’
‘பையில் இருக்கட்டும். எடுப்பதா வேண்டாமா என்று
அங்கே தொங்கிக்கொண்டு சண்டை போடலாம்.’

தராசில் வைத்துப் பார்த்தோம். மூன்றரைக் கிலோ.
சார்ஜரில் சிவப்பு விளக்கு.
நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள்
அடிக்கோட்டுக்கு மேலே இருந்த நான்கைச் சுரண்டி
மூன்று என்று திருத்தியிருக்கிறான் பாவி.